வேலி ஓணானுக்கு வெயில், வீட்டு ஓணானுக்கு ட்யூப்

தர்மபுரி கடைத்தெருவில் ஒரு எலக்ட்ரிகல் கடை. "யூவி லைட் இருக்குங்களா?" என்று கேட்டதும் பையன் ஆர்ஓ மெஷினுக்குள் மாட்டும் 11 வாட் குச்சி ட்யூபை எடுத்து வைத்தான். இது இல்லை என்றேன். அடுத்து கள்ளநோட்டு பார்க்கும் நீல லைட் வந்தது. "எதுக்கு சார்?" "ஓணானுக்குப்பா." கல்லாவில் இருந்த பெரியவர் பில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அவர்கள் மேல் தப்பே இல்லை. கொடுத்த இரண்டும் புற ஊதா விளக்குகள்தான். ஆர்ஓ ட்யூப் வீசுவது 254 நானோமீட்டர் அலை, யூவி-சி. கிருமியைக் கொல்லும், வெளியே எரியவிட்டால் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும், நம்முடையதையும் சேர்த்து. நோட்டு லைட் 365 வாக்கில் இருக்கும் யூவி-ஏ. ஓணானுக்கு வேண்டியது இடையில் இருக்கும் 280 முதல் 315 வரையிலான யூவி-பி. அது தோலில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி3 செய்யும். டி3 இல்லாவிட்டால் கால்சியம் பொடியை எவ்வளவு தூவினாலும் எலும்பில் ஏறாது. தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பதம் பார்த்ததால் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும்வரை காத்திருந்த மாவட்டம் இது. எலும்பு நோய் என்றால் எங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது பியர்டட் டிராகன். ஆஸ்திரேலியப் பாலைநிலத்துப் பிராணி, மகன் அடம்பிடித்து வந்தது. வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். முதல் ஆறு மாதம் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. விற்றவர் "இது போதும் சார்" என்று கொடுத்த சுருள் பல்பை வலை மூடிக்கு மேலே வைத்து நிம்மதியாக இருந்தோம். ஒருநாள் பூச்சியைப் பிடிக்கப் போனபோது முன்னங்கால் நடுங்கியது. கீழ்த்தாடையை விரலால் தொட்டால் ரப்பர் மாதிரி அமுங்கியது. எக்ஸ்ரேயில் எலும்புகள் வெளிறிக் கிடந்தன.

அதற்குப் பிறகுதான் பெங்களூரு நண்பரிடம் சோலார்மீட்டர் 6.5 கருவியை இரவல் வாங்கினேன். வானிலை அறிக்கையில் சொல்கிறார்களே யூவி இண்டெக்ஸ், அதே எண்ணைத்தான் இது காட்டும். ஊர்வன விரும்பும் வெயிலை ஆராய்ச்சியாளர் கேரி ஃபெர்குசனும் கூட்டாளிகளும் நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். நம் ஆள் மூன்றாம் மண்டலம். படுத்துக் காயும் இடத்தில் உச்ச அளவு சுமார் 3 முதல் 7 வரை இருக்கலாம். சுருள் பல்புக்குக் கீழே அது தினமும் படுத்த கல்லின் மேல் மீட்டரை வைத்தேன். 0.4. பல்ப் என்னவோ பளீரென்றுதான் எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தை வைத்து யூவியை எடைபோட முடியாது என்பது அன்று உறைத்தது.

அடுத்து டி5 ஹெச்ஓ (ஹை அவுட்புட்) ட்யூப், ஆர்கேடியா 12 சதவீதம், இரண்டடி, 24 வாட். தொட்டி நீளத்தில் பாதிக்கு மேல் சீராக வெளிச்சம் விழுகிறது. முதுகிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில், ரிஃப்ளெக்டரோடு, 5.1 காட்டியது. வலைக்கு மேலே வைத்தால் அதே தூரத்தில் 3.3. கொசுவலை மாதிரி நெருக்கமான வலை மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிட்டது. ஆகவே ட்யூபை உள்ளே, தலைக்கு நேர் மேலே மாட்டினேன். பக்கவாட்டில் வைத்தால் புருவ மேடு தரும் நிழல் போய் நேராகக் கண்ணில் அடிக்கும். பெட்டிமேல் இருக்கும் 5.0, 10.0, 12 சதவீதம் எல்லாம் கம்பெனிக்கு ஒரு கணக்கு. அதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். சூ மெட்டின் ரெப்டிசன் 10.0 டி5-ம் இதே வேலைக்கு வருவதுதான்.

ஒரு பொறி இருக்கிறது. சாதாரண 14 வாட் டி5 ட்யூபும் இந்த 24 வாட் ஹெச்ஓ ட்யூபும் ஒரே நீளம், 549 மில்லிமீட்டர், ஒரே முள். பழைய 14 வாட் பட்டியில் இது கச்சிதமாக உட்காரும். ஆனால் சோக்கு 14 வாட்டுக்கானது, முழு வீச்சு வராது. இப்போது கடையில் "டி5" என்று விற்பதில் பெரும்பாலானவை எல்இடி பட்டிகள், அவற்றில் ட்யூபைக் கழற்றவே முடியாது. ட்யூப் வாங்கும்போதே ஹெச்ஓ ஃபிட்டிங்கையும் சேர்த்து வாங்குங்கள்.

மெர்குரி வேப்பர் பல்ப் சூட்டையும் யூவியையும் சேர்த்தே தரும், ஒரே செலவு. ஊட்டிக்காரருக்கு ஒத்துவரலாம். அறையே 36 டிகிரியில் கொதிக்கும் எங்கள் சித்திரையில் மூன்றடித் தொட்டிக்குள் அதைப் போட்டால் ஓணான் ஒதுங்கக் குளிர்ந்த மூலையே மிஞ்சாது. போதாக்குறைக்கு, கரண்ட் ஒருமுறை கண்ணடித்தால் பல்ப் அணைந்துவிடும். ஆறிய பிறகுதான் திரும்ப எரியும். எங்கள் தெருவில் கரண்ட் ஒருநாளைக்கு எத்தனை முறை கண்ணடிக்கும் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். சூட்டுக்குத் தனியாக ஒரு ஹாலஜன் பல்ப் போதும், அதுவும் வெயில் காலத்தில் அரை நாள்தான்.

"இவ்வளவு வெயில் இருக்கிற ஊரில் லைட் எதுக்கு, ஜன்னலோரம் வை" என்பது பக்கத்து வீட்டு அண்ணனின் யோசனை. ஜன்னல் கண்ணாடிக்கு இப்பால் மீட்டரைப் பிடித்தேன்: பூஜ்யம். கண்ணாடி சூட்டை விடும், யூவி-பியை விடாது. ஆனால் அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. ஒகேனக்கல் முதலைப் பண்ணையில் எந்த முதலைக்கும் ட்யூப் லைட் கிடையாது. மொட்டை மாடியில் சித்திரை மாதக் காலை எட்டரைக்கே மீட்டர் 3-ஐ நெருங்கியது. பதினொன்றுக்கு 10-ஐத் தாண்டிவிட்டது. இப்போது வாரம் நான்கு நாள், காலை அரை மணி நேரம், கம்பிக் கூண்டில், பாதிக்குச் சாக்கு நிழல் போட்டு மேலே வைக்கிறோம். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்துவிடாதீர்கள், வெந்துவிடும். காகத்துக்காக ஒரு ஆள் கூடவே உட்கார வேண்டும். அந்த வேலை அம்மாவுடையது.

மீட்டரின் விலைக்கு இப்படிப் பல ட்யூப் வாங்கலாம், ஆகவே சொந்தமாக வேண்டாம். நாலு பேர் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளலாம். ட்யூப் பியூஸ் ஆவதற்கு வெகு நாள் முன்பே அதன் யூவி வற்றிவிடும், வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எங்கள் ட்யூபின் ஓரத்தில் மாட்டிய தேதியை மார்க்கரால் எழுதியிருக்கிறான் மகன். பக்கத்தில் "ஆயா மறக்காதே" என்று.