தளிக் காட்டுக்கு வரும் தன்னார்வலர்கள்

அண்மை ஆண்டுகளில் மே மாதம் தென் மாநிலங்கள் ஒரே சமயத்தில் யானைக் கணக்கெடுப்பு நடத்துகின்றன. ஓசூர் வட்டாரத்தில் தளியை ஒட்டிய ஜவளகிரி காடும் அதில் அடக்கம். முதல் நாள் காட்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்துச் சுற்றி, கண்ணில் படும் யானைகளை எண்ணுகிறார்கள். அடுத்த நாள் நேர்கோட்டில் நடந்து லத்தியைப் பதிவு செய்கிறார்கள். மூன்றாம் நாள் நீர்நிலையோரம் காத்திருந்து ஆண், பெண், குட்டி என்று பிரித்துக் குறிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டமும் எல்லா இடங்களிலும் ஒரே நாளில் நடந்தால்தான், மாநில எல்லையைக் கடக்கும் யானை இரண்டு கணக்கில் ஏறாது. அதற்கு வேண்டிய ஆள்பலம் வனத்துறைக்குத் தனியாகக் கிடையாது. வனக் காவலர்களோடு வெயிலில் நடக்கும் தன்னார்வலர்களே அந்தக் குறையை ஈடுகட்டுகிறார்கள். அவர்களுடைய உழைப்பின் மதிப்பில் எனக்கு ஐயமில்லை. அந்த உழைப்பை எந்த மாதத்தில், எத்தனை நாளைக்குக் கேட்கிறோம் என்பதில்தான் கோளாறு.

தமிழகத்தில் 2023-இல் 2,961 யானைகள் என்றும், 2024-இல் 3,063 என்றும் மதிப்பிட்டார்கள். கூடிய 102 யானைகள் புதிதாகப் பிறந்தவையா, பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தவையா, கணக்கிடும் முறையின் ஏற்ற இறக்கமா என்பதை மூன்று நாள் வேலை சொல்லிவிடாது. பழைய லத்தி எது, புதியது எது என்று பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். தளியின் சிக்கலோ இன்னும் குறிப்பானது. கர்நாடகத்தின் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் இறங்குவது மழைக்காலம் ஓய்ந்து ராகி முற்றும் பருவத்தில். விவசாயி இரவெல்லாம் காவல் கிடக்கும் அந்த மாதங்களை மே மாதக் கணக்கு தொடுவதே இல்லை.

தன்னார்வலர்கள் கைகொடுக்கும் காடு மீட்பிலும் இதே குறைதான். காட்டை மூடும் களையான உண்ணிச்செடியை மேலாக வெட்டிப் போட்டால் அடுத்த மழைக்கே அடிக்கட்டை தழைத்துவிடும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழுவினர் வகுத்த முறைப்படி, வேரைத் தண்டின் அடியிலிருந்து கீழாக வெட்டிப் புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். அப்படிச் செய்த பிறகும் பறவை எச்சத்தில் வந்த விதை முளைக்கும்; சில ஆண்டுகளாவது கன்றிலேயே பிடுங்கியாக வேண்டும். புல்லுக்கு வெயில் கிடைக்கும் முன்பே மரக்கன்றுகளை நெருக்கி நடுவதும் தவறு. புல் யானைக்கும் மானுக்கும் தீவனம்.

ஓசூர் ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவரும் பெங்களூரு ஊழியரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் எதைத் தர முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருவர் தினமும் வரத் தேவையில்லை; ஒரு குழு தான் எடுத்துக்கொண்ட ஐந்து ஏக்கருக்கே முறைவைத்துத் திரும்பி வந்தால் போதும். அன்றாட வேலைக்குக் காட்டை அறிந்த இருளர்களையும் உள்ளூர்க்காரர்களையும் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. ஒரு நாள் நடவு விழாவுக்குப் பந்தலும் பனியனும் வாங்கித் தரும் ஓசூர் நிறுவனங்கள், அந்தச் செலவை மூன்றாம் ஆண்டுக் களையெடுப்புக்கும் மார்கழி இரவு யானைக் கண்காணிப்புக்கும் திருப்பிவிடட்டும்.