ராஜகிரியிலிருந்து எடுக்கிற படம்

செஞ்சி பற்றி நான் பார்த்த புகைப்படங்கள் அநேகமாக எல்லாமே ஒரே படம்தான். ராஜகிரி உச்சியில் காமிரா. கீழே கல்யாண மகாலின் கூம்புத் தலை, தானியக் களஞ்சியத்தின் வளைந்த கூரை, தள்ளி வேங்கடரமணர் கோயில் கோபுரம். அதோடு படம் வெட்டப்பட்டுவிடும். வெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் இருக்கிறது. அந்த வெட்டைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். அங்கே முதலில் ஏறி நின்றவன் ரசிகன் அல்ல, காவல்காரன். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டுக் கிடந்தபோது, மேலே நின்றவனுக்குக் கீழே தெரிந்தது காட்சி அல்ல, எதிரியின் நடமாட்டம். எதையும் பார்க்காமல் விட அவனுக்கு உரிமை இல்லை. விட்டால் உயிர் போகும். புகைப்படக்காரன் அவன் நின்ற இடத்தை எடுத்துக்கொண்டான். பொறுப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

புகைப்படத்துக்கும் கூரைக்கும் பிறவிச் சம்பந்தம் உண்டு. மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய காமிராப் படம், 1826-27 வாக்கில் நியெப்ஸ் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. அதில் இருப்பவை கூரைகள்தான். 1838ல் தாகேர் பாரீஸ் தெரு ஒன்றை உயரத்திலிருந்து எடுத்தார். படம் பதிய நிமிஷக் கணக்கில் ஆனதால், தெருவில் நகர்ந்ததெல்லாம் அழிந்துபோயிற்று. பூட்ஸுக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவனும் போட்டவனும் மிஞ்சினார்கள். அசையாதது மட்டுமே பதியும் என்பது அன்று ரசாயனத்தின் இயலாமை. இன்று நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். ஆனாலும் செஞ்சியில் அசையாதது மட்டுமே பதிகிறது. ரசாயனத்தின் குறை ரசனையின் குறையாக இடம் மாறியிருக்கிறது.

விடப்படுவது என்ன? கோட்டை மதிலை ஊடறுத்துப் போகும் திருவண்ணாமலை ரோடு. கிழக்கே கான்கிரீட் மொட்டை மாடிகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் துணி. இவை அழகில்லை என்பார்கள். களஞ்சியத்தின் வளைந்த கூரையும் அழகுக்காகக் கட்டியதல்ல, நெல் நனையாமல் இருக்கக் கட்டியது. இன்று நெல் போவது ஊரில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு. இரண்டு கூரையும் ஒரே காரியத்தைச் செய்தவை. ஒன்றைக் கலை என்றும் மற்றதைக் குப்பை என்றும் பிரிப்பது காலம் அல்ல, சட்டகம்.

கல் அசையாதது என்பதும் மேலிருந்து பார்க்கிறவனின் நம்பிக்கைதான். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. உச்சியிலிருந்து எடுத்த படத்தில் இந்த இழப்பு எங்கும் தெரியாது. உயரம் எல்லாவற்றையும் முழுமையாக்கிக் காட்டிவிடுகிறது. குறையைப் பார்க்க இறங்கி நடக்க வேண்டும்.

இது வெறும் ரசனைச் சண்டை அல்ல. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருப்பது செஞ்சி. இனி அந்த ஒரே படம் மேலும் பெருகும். ஊர் இல்லாத கோட்டையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஊர் இடைஞ்சலாகத் தெரிய ஆரம்பிக்கும். கண்ணுக்கு இடைஞ்சலானது பிறகு சட்டத்துக்கும் இடைஞ்சலாகும். மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறவர்களிடம் அதைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.