மயிலாப்பூர் மாட வீதிகள்

கபாலீசுவரர் கோயிலையும் அதன் தெப்பக்குளத்தையும் சுற்றி ஓடும் நான்கு மாட வீதிகளும் தேர் திரும்பும் அகலத்தில் அமைந்தவை. பங்குனியில் தேரும் அறுபத்து மூவரும் இவ்வழியே வலம் வருவர். மற்ற நாட்களில் இது குடியிருப்பவர்களின் வாசல். பழைய திண்ணை வீடுகள் பல அடுக்குமாடிகளாகிவிட்டாலும், விடியலில் தண்ணீர் தெளிக்கும் ஓசை மாறவில்லை. ஈரம் காயும் முன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே கோலமாவு சீராக இறங்கி, புள்ளிகளைச் சுற்றி இழை வளைகிறது.

இவ்வீதிகளில் நின்று பார்க்கத்தக்க கைத்திறன் பூக்கட்டுவது. நனைத்த வாழைநார் இடக்கையில். எதிரெதிராக வைத்த மல்லிகைக் காம்புகளின் மேல் வலக்கை ஒரு சுருக்கைப் போட்டு இழுக்கிறது. இறுக்கினால் காம்பு அறும், தளர்ந்தால் பூ உதிரும். அந்த அளவை விரலே அறியும். பூக்காரியின் கண்ணோ வாடிக்கையாளர் மேல் இருக்கும், பேச்சும் நிற்காது. கட்டிய சரத்தை முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீட்டி முழம் போடுவதில் பெரும்பாலும் ஒரு விரற்கடை கூடவே கிடைக்கும். தெற்கு மாட வீதிப் பக்கம் காய்கறிக் கடைகளில் மண் உதிராத கருணைக்கிழங்கு, வாழைப்பூ, பருவத்தில் மாகாளிக் கிழங்கின் கார வாசனை. நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைகள் வைக்கோலிலிருந்து வெளிவரும். வாங்குபவர்கள் மண் பொம்மையை விரல் முட்டியால் தட்டி, விரிசலில்லாத கணீரொலியைக் கேட்டபிறகே விலை பேசுவர்.