‘ஐரிஷ்காரிகள்’ என்றால் கொல்லலாமா?

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைப் பற்றிய நூல் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் நேஸ்பிப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். அந்தப் பெண்களுக்கு எத்தனை வரி என்று பார்ப்பதற்காக.

1645 ஜூன் 14 அன்று மன்னர் முதலாம் சார்லஸின் படையை நாடாளுமன்றப் படை நேஸ்பியில் முறியடித்தது. குதிரைப்படை எங்கே நின்றது, எந்தப் பக்கம் திரும்பியது என்பதற்கெல்லாம் வரைபடம் இருக்கும். தோற்றவர்களின் வண்டிகளோடு இருந்த பெண்களில் நூறு பேராவது வெட்டிக் கொல்லப்பட்டதும், பிழைத்த பலரின் முகமும் மூக்கும் கிழிக்கப்பட்டதும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும்.

வென்றவர்கள் இதை மறைக்கவில்லை. அவர்கள் ஐரிஷ்காரிகள், கத்தி வைத்திருந்தார்கள், வேசிகள் என்று அச்சிட்ட துண்டறிக்கைகளில் பெருமையாகவே சொன்னார்கள். மூன்று சொற்களில் மூன்று நியாயங்கள்.

முதல் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1641இல் அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் கிளர்ந்தெழுந்தபோது பிராட்டஸ்டன்ட் குடியேறிகள் பலர் கொல்லப்பட்டார்கள். அச்செய்தியைப் பன்மடங்கு பெருக்கி லண்டன் அச்சகங்கள் விற்றன. 1643 செப்டம்பரில் மன்னர் தரப்பு கிளர்ச்சியாளர்களோடு போர்நிறுத்தம் செய்துகொண்டு, அயர்லாந்தில் இருந்த படைகளைத் தன் உதவிக்கு அழைத்தது. அப்படி இங்கிலாந்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிளர்ச்சியை அடக்கப் போயிருந்த ஆங்கிலேயர்கள். ஆனாலும் ‘ஐரிஷ் படை’ என்ற பெயர் எல்லார் மீதும் ஒட்டிக்கொண்டது. 1644 அக்டோபர் 24 அன்று, அயர்லாந்தில் பிறந்த கத்தோலிக்கர் ஆயுதத்தோடு பிடிபட்டால் உயிர்ப்பிச்சை கிடையாது என்று நாடாளுமன்றம் ஆணையிட்டது. அதன்படி ஷ்ரூஸ்பரியில் ஐரிஷ் வீரர்கள் பதின்மூன்று பேர் தூக்கிலிடப்பட்டபோது, இளவரசர் ரூபர்ட் எதிர்த்தரப்புக் கைதிகள் பதின்மூன்று பேரைத் தூக்கிலிட்டார். கொடூரமான கணக்குதான். ஆனால் அதில் ஓர் ஆணின் உயிருக்கு இன்னோர் ஆணின் உயிர் ஈடு. சமைத்தும் துவைத்தும் காயத்துக்குக் கட்டுப்போட்டும் படையோடு நடந்த பெண்களுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஒரு திருத்தம் சொன்னார்கள்: நேஸ்பியில் இறந்தவர்கள் ஐரிஷ்காரிகளாக இருக்க வாய்ப்பில்லை, வேல்ஸ் நாட்டு வீரர்களின் மனைவிமார்களாக இருக்கலாம். அவர்கள் பேசிய வெல்ஷ் மொழி புரியாமல் ஐரிஷ் என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கத்திகளும் சமையல் கத்திகளாக இருக்கலாம்.

தகவலாக இதை ஏற்கிறேன். ஆறுதலாக ஏற்க மாட்டேன். ‘ஐரிஷ் இல்லை, வெல்ஷ்; வேசி இல்லை, மனைவி; ஆயுதம் இல்லை, அரிவாள்மணை’ என்று அடுக்கும்போது நாம் யாருக்கு வாதாடுகிறோம்? கொன்றவர்கள் வைத்த அளவுகோலை அப்படியே வைத்துக்கொண்டு, இந்தப் பெண்கள் அதில் தேறிவிட்டார்கள் என்கிறோம். தேறாதவளை வெட்டியது சரிதானா?

இந்தக் கேள்வி கற்பனை அல்ல. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் ஃபிலிப்ஹாக்கில் மன்னருக்காகப் போரிட்ட மாண்ட்ரோஸின் படை தோற்றது. அலஸ்டேர் மக்கோலா 1644இல் அழைத்து வந்த ஐரிஷ் வீரர்களில் ஒரு பகுதியினர் அந்தப் படையில் இருந்தார்கள். அவர்களோடு வந்திருந்த பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். அங்கே மொழிக் குழப்பம் இல்லை. அவர்கள் ஐரிஷ்காரிகளேதான். நேஸ்பிக்குத் ‘தவறான அடையாளம்’ என்று பெயரிட்டால் ஃபிலிப்ஹாக்குக்கு என்ன பெயர்? சரியான அடையாளமா?

மார்க் ஸ்டோயில் 2008இல் நேஸ்பிப் படுகொலைக்கென்றே ஒரு தனிக் கட்டுரை எழுதினார். அடிக்குறிப்பாகக் கிடந்ததைக் கேள்வியாக எடுத்துக்கொண்டதே பெரிய மாற்றம். அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட எனக்கு எந்த நூலிலும் கிடைக்கவில்லை. கொன்றவர்கள் கொடுத்த பெயர்தான் மிஞ்சியிருக்கிறது.

அவர்கள் யாருடைய மனைவி, எந்த ஊர்க்காரி என்பது தெரியவந்தால் நல்லதுதான். ஆனால் அது தெரிந்த பிறகுதான் அந்தச் சாவு அநியாயம் என்று சொல்லத் துணிவோம் என்றால், துண்டறிக்கை எழுதியவர்களின் மொழியில்தான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம்.