எழுந்து நிற்க வேண்டியது யார்?

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது நாங்கள் அதை வைத்துக் கூட்டம் போட்டோம், சண்டை போட்டோம், எழுதவும் செய்தோம். பேசினதெல்லாம் பெரும்பாலும் மொழியைப் பத்தித்தான். கொச்சையா, வழக்கா? நாவலா, தன்வரலாறா? இதை இலக்கியத்தில் சேர்க்கலாமா, கூடாதா? பள்ளிக்கூடம் வருகிற பக்கங்களை 'வேதனை' என்று ஒரே சொல்லில் மூடிவிட்டுத் தாண்டிப் போனோம். நானும்தான் தாண்டினேன். அப்போது நான் ஓர் உதவிபெறும் பள்ளியில் டீச்சர். தாண்டிப் போக எனக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு அந்தப் பக்கங்களை மறுபடி வாசித்தேன். காலை வழிபாட்டிலோ வகுப்பிலோ ஹரிஜனப் பிள்ளைகள் எல்லாம் எழுந்திருங்க என்பார்கள். எழுந்து நிற்க வேண்டும். பேரைக் குறித்துக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். அவ்வளவு பேர் பார்க்கத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளையின் கூச்சத்தைப் பாமா எழுதியிருக்கிறார். கல்லூரியிலும் இது தொடர்கிறது. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு அரசாங்கம் தனி டியூசன் ஏற்பாடு பண்ணியிருக்குதாம், எழுந்திருங்க என்கிறார்கள். எழுந்தவர்கள் ரெண்டே பேர். உங்க டியூசனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் என்று பாமா மறுத்துவிடுகிறார்.

இந்த இடத்தை விமர்சகர்கள் தன்மான உணர்வு என்று பாராட்டினார்கள். சரிதான். ஆனா ஒரு கேள்வியை யாரும் கேக்கல. மறுக்காமல் அந்த டியூசனுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? போன பிள்ளை தேறியதா, தேறலையா என்று கேட்கிற ஒரு தாளாவது எங்கேயாவது இருந்ததா? எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு தொகை கொடுத்தோம் என்று கேட்கிற தாள்கள் உண்டு. முப்பத்து மூணு வருசம் அந்தத் தாள்களை நிரப்பியவள் நான். 'இவர்களை நீங்கள் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள்?' என்று பள்ளிக்கூடத்தைக் கேட்ட ஒரு தாளையும் நான் நிரப்பியதில்லை. பிள்ளைகளை எத்தனையோ தடவை எழுப்பி நிறுத்தியாச்சு. பள்ளிக்கூடத்தை ஒரு தடவைகூட யாரும் எழுப்பவில்லை.

இப்போது அந்தக் காரணம். 1997. எங்கள் பள்ளிக்கு மேலிடத்திலிருந்து நெருக்கடி. பத்தாம் வகுப்பு சதவீதம் பத்தலையாம். ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்த மனுசன் ஒன்பதாம் வகுப்புப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டார். கோடு விழுந்தவர்கள் 17 பேர். ஃபெயிலாக்கி உட்கார வைக்கலாம், இல்லையென்றால் பெற்றோரைக் கூப்பிட்டு 'பையன் தாங்க மாட்டான், டி.சி. வாங்கிக்கிட்டுப் பிரைவேட்டா எழுதட்டும்' என்று சொல்லலாம். அதில் 13 பேர் காலனிப் பிள்ளைகள். பெற்றோரிடம் பேசுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும். 'நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க டீச்சர்.'

சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. எங்க தெருக்காரம்மா ஒருத்தர் மட்டும் டி.சி.யைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீ இருக்கியேன்னுதாம்மா இந்தப் பள்ளிக்கூடத்துல போட்டேன்" என்றார். அடுத்த வருசம் பத்தாம் வகுப்பில் 44 பேர் எழுதி 44 பேரும் பாஸ். 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று சுற்றுச்சுவரில் நீல எழுத்தில் எழுதினார்கள். பொய் இல்லை. எழுதினவன் அத்தனை பேரும் பாஸ்தான்.

சதவீதத்தையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. கதையில் யார் பேசவில்லை, யார் வரவே இல்லை என்று துருவுகிற நாம், மே மாதம் தினசரிகளில் வருகிற தேர்வு முடிவுப் பக்கத்தைச் செய்தி என்று படித்துவிட்டு மடித்து வைக்கிறோம். அந்தப் பக்கத்தில் மாவட்டவாரி உண்டு, மாணவர் மாணவியர் உண்டு, அரசுப் பள்ளி தனியார் பள்ளி உண்டு. முதலிடம் இரண்டாமிடம் அறிவிப்பதை 2017இல் நிறுத்தினார்கள், நல்லது. ஆனால் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த தலித் பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்கிற எண்ணை அந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. வகுக்கிற எண்ணிலிருந்து ஆளைத் தூக்கிவிட்டால் சதவீதம் தானா ஏறும். சின்னக் கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடும்.

ஒரே ஓர் இடத்தில் நம் பிள்ளைகளின் கணக்கு வெளியே தெரிகிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள், அவற்றின் தேர்ச்சியைத் தனியாகச் சொல்வார்கள். எண்ணிக்கை குறைந்தால் உடனே பேச்சு பிள்ளைகள் மேலே பாயும்: வீட்டில் படிப்பு இல்லை, வேலைக்குப் போயிடுதுங்க. காலியாகக் கிடக்கிற ஆசிரியர் பணியிடம் பேச்சில் வராது. இந்தப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்க்கப் போகிறோம் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தபோது, சேர்க்கலாமா கூடாதா என்று நம்மாட்களே இரண்டாகப் பிரிந்து விவாதித்தோம். விவாதம் வேண்டியதுதான். ஆனால் தலித் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் அந்தப் பள்ளிகளில் இல்லை. சாதாரண அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே அவர்களின் எண் கரைந்துபோகிறது.

இதை வேறு ஒரு நாட்டில் முயன்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2002 ஜனவரியில், எந்தக் குழந்தையும் பின்தங்கிவிடக் கூடாது என்ற பெயரில் ஒரு சட்டம் கையெழுத்தானது. கறுப்பினப் பிள்ளைகள், ஏழைகள், ஊனமுற்றவர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் என்று ஒவ்வொரு குழுவின் நிலையையும் பள்ளிவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு குழு தவறினாலும் பள்ளி தவறியதாகக் கணக்கு. கேட்கிறபோது எனக்கே பொறாமையாக இருந்தது. அப்புறம் நடந்தது நமக்கு ரொம்பப் பழக்கமான கதை. இத்தனை பேருக்குக் கீழே இருந்தால் அந்தக் குழுவைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று மாநிலங்கள் ஒரு வரம்பு வைத்துக்கொண்டன. அந்த வரம்புக்குள் எத்தனையோ பிள்ளைகள் காணாமல் போனார்கள். 2014க்குள் எல்லாரும் தேற வேண்டும் என்று இலக்கு வைத்துவிட்டுத் தண்டனையை நீட்டினார்கள். அட்லாண்டா நகரில் ஆசிரியர்களே பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தினார்கள். 2011இல் வந்த விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகள், 178 பேர். என் தலைமையாசிரியரின் பென்சில் அங்கேயும் இருந்திருக்கிறது. 2015இல் வேறு சட்டம் கொண்டுவந்து தண்டனைகளைத் தளர்த்தினார்கள். குழுவாரியாகப் பிரித்துக் காட்டுவதை மட்டும் விடவில்லை. அதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. மிரட்டல் நமக்கு வேண்டாம். மிரட்டல் எப்பவும் கீழே நிற்கிறவன் தலையில்தான் வந்து விடியும்.

நம் பக்கம் முற்போக்கு ஆசிரியர்கள் சிலர் உண்டு. 'நாங்க சாதி பாக்கறதில்ல, அதனால சாதிக் கணக்கும் வெச்சுக்கறதில்ல' என்பார்கள். பார்க்காமல் இருப்பது ரொம்ப வசதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, உதவித்தொகை விவரத்தை அந்த மாணவனைத் தனியே அழைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று அது பரிந்துரைத்திருக்கிறது. 'கருக்கு' வந்து முப்பத்திரண்டு வருசம் கழித்து அந்த வழிபாட்டு மைதானத்துக்கு ஒரு பதில். இதை மனசார வரவேற்கிறேன். ஆனால் வகுப்பில் பிள்ளையின் சாதி தெரியக் கூடாது என்பதும், பள்ளியின் கணக்கில் எந்தச் சாதிப் பிள்ளைகள் கைவிடப்பட்டார்கள் என்று தெரிய வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. பெயர் வேண்டாம், எண் போதும். எமிஸ் கணினியில் ஒவ்வொரு பிள்ளையின் விவரமும் ஏற்கெனவே கிடக்கிறது. யாரையும் எழுப்பி நிற்க வைக்காமல் எடுத்துவிடலாம்.

2009 கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்று எழுதியே வைத்திருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஆனால் அந்தச் சட்டத்தின் எல்லை எட்டாம் வகுப்போடு முடிகிறது. பென்சில் கோடு விழுகிறது ஒன்பதாம் வகுப்பில்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கல்வி ஆர்வலர் என்று என்னையும் கூப்பிடுகிறார்கள். போன கூட்டத்தில் ஒரு மனு கொடுத்தேன். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர், ஒன்பதாம் வகுப்பை முடித்தவர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர், தேறியவர் என்று நாலு கட்டம், பிரிவுவாரியாக, வெறும் எண். தலைமையாசிரியர் நல்ல மனுசர். அவரே சங்கடப்பட்டார். "சாதிவாரியா எழுதி வெச்சா பிரச்சினை வந்துடும் டீச்சர்."

பின் வரிசையில் இருந்த ஓர் அம்மா கேட்டார்: "ஸ்காலர்ஷிப்புக்கு எழுதறப்ப வராத பிரச்சினை இதுக்கு மட்டும் எப்படி சார் வரும்?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கூட்டக் குறிப்பில் 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன். அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மா தன் தெருவிலிருந்து இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.