ட்ரூமா காம்பி 6: பனிக்காலத்தில் மோட்டார்ஹோமைக் காக்கும் பெட்டி

மியூனிக்கை அடுத்த புட்ஸ்புருனில் இருக்கும் ட்ரூமா நிறுவனத்தின் காம்பி 6, ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் பரவலாகக் காணப்படும் ஹீட்டர். இருக்கைக்கு அடியில் அடங்கிவிடும். எடை சுமார் 15 கிலோ. நடுவில் கேஸ் எரியும் அறை, அதைச் சுற்றிப் 10 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அங்கிருந்து வண்டிக்குள் பிரியும் சூடான காற்றுக் குழாய்கள் நான்கு. குளிர்காய்வதற்கும் குளிப்பதற்கும் இந்த ஒரே பெட்டிதான்.

எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் வெளியே தள்ளிவிடுகிறது. சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வண்டிக்குள் சேரும்; ஜன்னல் முழுக்க வியர்க்கும். கார்பன் மோனாக்சைடு அபாயம் தனி.

குளிர்ந்து கிடக்கும் வண்டியில் ‘பூஸ்ட்’ போட்டால் விசிறி முழு மூச்சில் சுழன்று விரைவாகச் சூடேற்றும். அந்த இரைச்சலோடு தூங்க முடியாது. இரவில் ‘ஈகோ’வுக்கு மாற்றினால் சத்தம் அடங்கும், ஆனால் கட்டிலோரம் வரை வெப்பம் போய்ச் சேர நேரமாகும்.

முழு வேகத்தில், அதாவது 6,000 வாட்டில், மணிக்கு 480 கிராம் கேஸ் குடிக்கிறது. ஜெர்மனியில் வழக்கமான 11 கிலோ சிலிண்டர் ஒரு நாள்கூடத் தாங்காது. 2,000 வாட்டில் வைத்தால் அதே சிலிண்டர் கிட்டத்தட்ட மூன்று நாள் வரும். சிலிண்டரில் இருப்பது புரொபேன்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். அது மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பியூட்டேனோ பூஜ்ஜியத்தை ஒட்டியே திரவமாகவே உட்கார்ந்துவிடும், சிலிண்டர் நிறைய இருந்தும் ஹீட்டர் எரியாது. மின்சாரத்திலும் ஓடும் ‘இ’ ரகத்தில் 900, 1,800 வாட் என இரண்டு நிலைகள் உண்டு. முகாமில் தருவது 6 ஆம்பியர் இணைப்பு என்றால் பெரிய நிலையைத் தொடாமலிருப்பதே நல்லது, ஃபியூஸ் போய்விடும்.

ஹீட்டர் எத்தனை கிலோவாட் என்பதைவிட வண்டி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். மோட்டார்ஹோம்களுக்கான இஎன் 1646 தர விதியின் மூன்றாம் நிலை கறாரானது: மைனஸ் 15 டிகிரியில் வண்டியைக் குளிரவிட்டு, நான்கு மணி நேரத்தில் உள்ளே 20 டிகிரி கொண்டுவர வேண்டும், அதன்பின் குழாயில் தண்ணீரும் வர வேண்டும். தண்ணீர்த் தொட்டி தரைக்கு வெளியே தொங்கும் வண்டி இதில் தேறுவது கடினம். தேறிய வண்டியிலும் ஓட்டுநர் பகுதியின் முன்கண்ணாடி பலவீனமான இடமே. அதற்கு உள்பக்கம் மாட்டும் விரிப்பைவிட வெளியே போர்த்தும் உறை மேல். கண்ணாடியின் உள்புறத்தில் ஈரம் கோக்காது.

காம்பியின் மிகப் புத்திசாலித்தனமான பாகமும், மிக அதிகமாக எரிச்சலூட்டும் பாகமும் ஒன்றுதான்: ‘ஃப்ராஸ்ட் கண்ட்ரோல்’ வால்வு. சுற்றுப்புறம் 3 டிகிரி அளவுக்கு இறங்கியதும், மின்சாரமே இல்லாவிட்டாலும், தானாகத் திறந்து 10 லிட்டரையும் தரையில் கொட்டிவிடும். தொட்டி உறைந்து வெடிக்காமல் காப்பாற்றுவது இதுவே. பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் பெரிய தொட்டியும் சேர்ந்து காலியாகும். மூடுவதற்குக் கையால் திருக வேண்டும், அதுவும் வால்வு 7 டிகிரிக்கு மேல் சூடேறிய பிறகே நிற்கும். ஆகவே ஹீட்டரை முதலில் போட்டு, வண்டி சூடேறியதும் வால்வை மூடி, கடைசியில் பம்பைத் தட்ட வேண்டும். வால்வை ஹீட்டர் அருகே, சூடான காற்றுக் குழாய் தொடும் இடத்தில் பொருத்தியிருக்கிறார்களா என்று வாங்கும்போதே இருக்கையைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.