யூசேபியஸ் கூறாது விட்டவை

வாழ்க்கை வரலாறு எழுதுவோர், தாம் வரையும் மனிதர்மீது கொண்ட பற்றினால் நடுநிலை தவறுதல் தொன்றுதொட்டு வரும் குறையாகும். பெரும்பாலும் இது பொய்யினால் அன்று, மௌனத்தினால் நேரிடுகிறது. திருச்சபை வரலாற்றின் தந்தை எனப்படும் செசரியாவின் பேராயர் யூசேபியஸ் எழுதிய 'கான்ஸ்டன்டைனின் வாழ்க்கை' இதற்குத் தக்க சான்று.

பேரரசர் 337ஆம் ஆண்டில் மறைந்தபின் நான்கு புத்தகங்களாக உருவான இந்நூலை முன்னிட்டு, புர்க்ஹார்ட் என்னும் வரலாற்றறிஞர் 1853இல் யூசேபியசை நேர்மையற்றவர் எனக் கடிந்தார். அத்தீர்ப்பு மிகையானது. இந்நூலில் காணும் அரச மடல் ஒன்றின் பகுதி, அக்காலத்துப் பாப்பிரஸ் ஏடொன்றிலும் இருப்பதை ஏ. எச். எம். ஜோன்ஸ் 1954இல் எடுத்துக்காட்டினார். அம்மடலை யூசேபியஸ் புனையவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆயினும், 326ஆம் ஆண்டில் பேரரசர் தம் மூத்த மகன் கிறிஸ்பஸைக் கொல்வித்தார். அவ்வாண்டிலேயே மனைவி பவுஸ்தாவும் மாண்டார். தமது 'திருச்சபை வரலாற்றின்' இறுதியில் தந்தையோடு சேர்த்துத் தாமே புகழ்ந்த அம்மகனின் பெயரை, யூசேபியஸ் இந்நூலில் எங்கும் கூறவில்லை. பக்திக்குரியவற்றை மட்டுமே எழுதப்போவதாக அவர் தொடக்கத்தில் அறிவித்தது உண்மையே. மகனின் இரத்தம் பக்திக்குப் புறம்பான காரியமோ?

இம்மௌனத்தால் விளைந்தது என்ன? கொலைக் குற்றத்திற்குக் கழுவாய் தேடியே கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவரானார் என, கி.பி. 500ஐ ஒட்டி எழுதிய சோசிமஸ் ஏளனம் செய்தார். அவர் கிறிஸ்துவின் பக்கம் சார்ந்தது 312இல் ஆதலால், இது காலத்தோடு பொருந்தாக் கூற்று. ஆனால் நண்பர் மறைத்ததைப் பகைவர் திரித்துக் கூறுவதற்கு இடமாயிற்று.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. திருமுழுக்கிற்கு முன் ஹெலனோபோலிஸில் இரத்தசாட்சிகளின் ஆலயத்தில் பேரரசர் முழந்தாளிட்டுப் பாவ அறிக்கை செய்தார் என்று யூசேபியசே எழுதுகிறார். எப்பாவத்தை? நூலை முற்றும் வாசித்தவர்க்கும் விடையில்லை. பாவத்தை மறைத்த ஆசிரியர், அதை மன்னித்த கிருபையையும் மறைத்துவிட்டார்.

வேதாகமம் வேறு வழியில் செல்கிறது. முதலாம் நாளாகமம் 20ஆம் அதிகாரம் தாவீது எருசலேமில் தங்கியிருந்ததைக் கூறி, அங்கு நிகழ்ந்ததைக் கூறாது கடந்துவிடினும், இரண்டாம் சாமுவேல் 11ஆம் அதிகாரம் அருகிலேயே இருக்கிறது. உரியாவின் பெயர் அழிக்கப்படவில்லை. நாத்தானின் குரலும் அடக்கப்படவில்லை.

நூற்றாண்டு மலர்களுக்கும் நினைவுக் கூட்டங்களுக்கும் நம் முன்னோரின் வரலாற்றை எழுதும் நமக்கு இது எச்சரிப்பு. அவர்களால் புண்பட்டவரின் பெயரும் அவ்வேட்டில் இடம்பெறட்டும். அன்பு உண்மையில் சந்தோஷப்படும் என்று நாம் பிரசங்கிக்கிறோம் அல்லவா?